இடப்பக்கமாக ஓடுகிறவள்

சுலோசனா எதிர்ப்பக்கமாக ஓடியதால்தான் நடேசன் செத்தார் என்று லாஸ்பேட்டை மைதானத்தில் பேசியவர்கள் இன்னும் அங்கேதான் நடக்கிறார்கள். ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

சுலோசனா என் நாத்தனார் மருமகள். நாத்தனார் மகன் குப்பன் கட்டியவள். பிறந்தது வைத்திக்குப்பம். அவள் தகப்பனும் என் மாமனாரும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். அந்த வழியில் பார்த்தால் கல்யாணத்துக்கு முன்பே அவள் எங்கள் வீட்டு மனுஷிதான். வயசுப் பெண்ணாக இருந்தபோதே ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனாள். மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளத்தைத் தூக்கி, உடைக்கிற மெஷினுக்குள் தள்ள வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. வாய் அசைவதைப் பார்த்துத்தான் இன்ன பேச்சு என்று தெரிந்துகொள்வார்கள். வருஷக்கணக்காக அந்த வேலை பார்த்துக் காது போயிற்று. முதலில் குக்கர் விசில் கேட்காமல் போனது. கடைசியில் முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டியும் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அதற்கப்புறம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். எதிரில் நிற்கிறவர் வாயைப் பார்த்தே விலை பேசிவிடுவாள். ஒருநாள் மார்க்கெட் வாசலில் லோடு ஆட்டோ ஒன்று பின்னால் வந்து அவளைக் கூடையோடு சாய்த்தது. பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தவன் அவன். திட்டு வாங்கியது அவள். அன்றைக்கே குப்பன் மார்க்கெட்டை நிறுத்திவிட்டான். இனிமேல் தனியாக வாசப்படி தாண்டக் கூடாது என்றான். முனைக்கடைக்குப் போனால்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு போனான். கேட்டால் அக்கறையாம். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு போவதற்கு அப்படி ஒரு பேர்.

மகள் சுவேதா காலேஜில் ஓட்டப்பந்தயம் ஓடியவள். கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன ஷூ வீட்டில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு ஒருநாள் விடிகாலையில் சுலோசனா கிளம்பினாள். குப்பன் மறித்தான். மைதானத்துக்குள் வண்டியா வருகிறது, அங்கே என்னை எது இடிக்கும் என்று கேட்டாள். ஏதாவது ஒன்று ஆகட்டும், அதோடு அதுவும் நின்றது என்று சொல்லிவிட்டுக் குப்பன் வழிவிட்டான். கையைப் பிடிக்க ஆளில்லாமல் அவள் போக மிச்சமிருந்தது அந்த மைதானம் ஒன்றுதான்.

முதல் நாள் அரைச் சுற்றுக்குள் விலா பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு விளக்குக் கம்பம் வரைக்கும் ஓட்டம், அடுத்த கம்பம் வரைக்கும் நடை என்று பழகினாள். காதுக்கு வைக்கிற மெஷின் அவளிடம் இருந்தது. ஓடும்போது காற்றெல்லாம் அதில் புகுந்து இரையும். போதாததற்கு வியர்வை வேறு. ஒற்றைக் காதில் மாட்டினால் சத்தம் எந்தப் பக்கம் என்றும் புரியாது. கழற்றி இடுப்புப் பையில் போட்டுவிட்டு ஓடினாள்.

அங்கே எல்லோரும் கோயில் சுற்றுகிற மாதிரி வலப்பக்கமாகச் சுற்றுவார்கள். இவளும் அப்படித்தான் ஓடினாள். பின்னால் ஓடிவந்த ஒருவன் வழி கேட்டிருக்கிறான். இவள் விலகவில்லை. இடித்தான், விழுந்தாள். முட்டித் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கூடி நின்றவர்கள் காது கேட்காதவளுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்டார்களே ஒழிய, ஒருத்தரும் தண்ணீர் கொடுக்கவில்லை. வீட்டில் படியில் தடுக்கிவிட்டது என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் குப்பன் கதவைச் சாத்திவிடுவான்.

அடுத்த நாளிலிருந்து இடப்பக்கமாக ஓடினாள். எல்லோரும் எதிரில் வருவார்கள், பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு. ஆனால் முதுகாகத் தெரிந்த ஜனமெல்லாம் இப்போது முகமாக வந்தது. வாயும் தெரிந்தது.

சக்கரபாணி என்று ஒருவர், தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நடைக் கூட்டத்துக்கு அவர்தான் தலை. சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன்தான் குடம் தூக்கி இடமாகச் சுற்றுவான், இவள் தினமும் நம்மைப் பிணமாக வைத்துச் சுற்றுகிறாள் என்று ஆரம்பித்தார். அந்த மாதம் பார்த்து, கூட்டத்தில் நடந்துகொண்டிருந்த நடேசன் போய்ச் சேர்ந்தார். பழி இவள் தலையில் விழுந்தது. அவர்கள் பேசப் பேச, எதிரில் ஓடிவந்தவள் அத்தனையையும் படித்துக்கொண்டே போயிருக்கிறாள். காது கேட்காதவள்தானே என்று அவர்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் சக்கரபாணி அவள் வீட்டுக்கே போய்க் குப்பனிடம் சொல்லிவிட்டார். கீழே விழுந்ததையும் சேர்த்துத்தான். மறுநாள் காலை குப்பன் மைதானத்துக்கு வந்தான். அத்தனை பேர் பார்க்க அவள் கையைப் பிடித்து, நட வீட்டுக்கு என்றான். பக்கத்திலேயே சக்கரபாணி தன் ஆட்களோடு நின்றார்.

அவள் கையை உதறினாள். காது போனவர்களுக்குக் குரல் கூடிவிடும், அதிலும் மீன் கூவி விற்ற குரல்.

"நடேசன் சார் செத்தது என்னாலதான்னு முந்தாநாள் அந்த மரத்தாண்ட சொன்னீங்களா இல்லையா?"

சக்கரபாணி முகம் சுருங்கியது. "யாரும்மா உன்கிட்ட சொன்னது?"

"நீங்கதான். எதுக்க வந்தா எனக்கு வாய் தெரியும் சார். நான் ஓட வர்றதுக்கு முன்னாடியே அவரு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சிக்கினு இருந்தாரு. என் பொண்ணு காலேஜ்ல ஓடுனா. பந்தயம்னா எல்லாரும் இடமாத்தான் ஓடுவாங்க. அங்க எத்தினி சாவு விழுந்துச்சு?"

அது பந்தயம், இது வேற என்று அவர் முணுமுணுத்தார்.

"சரி, வலமாவே ஓடுறேன். உங்கள்ல ஒருத்தர் தெனம் என் பின்னாடி ஓடியாங்க. ஆள் வந்தா தோள்ல தட்டுங்க. யாரு வர்றது?"

ஒருவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். இன்னொருவருக்கு அந்த நேரம் பார்த்துப் போனை நோண்ட வேண்டியிருந்தது. குப்பன்தான் கடைசியில், நான் வர்றேன் சுலோ என்றான்.

"நீ கையைப் புடிக்கிறவன்யா. உன்னோட ஓட முடியாது."

அவனை அங்கேயே விட்டுவிட்டு இடப்பக்கமாக ஓடினாள். அவன் எனக்கு நாத்தனார் மகன்தான், ஆனாலும் அந்தப் பேச்சு அவனுக்கு வேண்டும்.

இன்றைக்கும் அவள் அப்படித்தான் ஓடுகிறாள். நிற்காமல் முழுச் சுற்று வருகிறது. எதிரில் வரும்போது சக்கரபாணி கூட்டம் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறதாம். தப்பு என்று ஒருத்தர் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கடைத்தெருவில் குப்பன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினால், காய்கறிப் பையை அதில் மாட்டிவிட்டு முன்னால் போய்விடுகிறாள்.