ரயிலில் பார்த்த குட்டை

யுத்த காலம், ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ் ஓடவில்லை. அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, நானும் மனைவியும் தண்டவாளத்தை ஒட்டிய கரிசல் கொல்லையில் குறுக்கே நடந்தோம். ரயில் ஜன்னலில் பலமுறை பார்த்த இடம்தானே என்ற தைரியம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. காலில் அப்பிய சேற்றைக் கழுவ, மனைவி எதிரே தெரிந்த குட்டையில் கால் வைக்கப் போனாள்.

"யம்மா, நில்லுங்க! அது கெணறு!" என்று பருத்திச் செடிகளுக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார்.

சுற்றுச்சுவரில்லாத கிணறு, தரைமட்டம் வரை நிரம்பிக் கிடந்தது.

"ரயிலில் பார்த்துக் குட்டை என்றே நினைத்திருந்தேன்" என்றேன்.

"ரயிலு தாண்டிப் போயிடுமுங்க. முந்தாநாள் உள்ள போன எங்க மாடு இன்னும் மேல வரலீங்க."

இப்போது நாட்குறிப்பில் ஒவ்வோர் இடத்தையும் ரயிலில் பார்த்ததா, நடந்து பார்த்ததா என்று சேர்த்தே எழுதுகிறேன். ரயிலில் மட்டும் பார்த்த இடமென்றால், ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் அங்கே கால் வைப்பதில்லை.