ஸ்பீக்கரில் போட்ட போன்

எங்கள் ஊரில் இதுவரை யாரும் போனில் செத்ததில்லை. உயிர் போய், நாடி கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றிய பிறகுதான் வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் போன் போகும். ஆனாலும் "கொஞ்சம் முடியல, ஒருதடவ வந்து பாத்துட்டுப் போயிடுங்க" என்றுதான் சொல்வோம். பஸ்ஸில் வருகிறவன் வழியெல்லாம் அழுதுகொண்டு வரக்கூடாதாம். கேட்கிறவனுக்கும் விஷயம் தெரியும். "சரி, கெளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு மாற்று வேட்டியைப் பையில் வைப்பான். சொல்கிறவனும் கேட்கிறவனும் சேர்ந்து நடத்தும் இந்த நாடகத்தை நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் திரும்பும் இடத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஊர். எதிர்வீட்டுப் பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன், எனக்கு அண்ணன், சவுதியில் லாரி ஓட்டுகிறார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன வருஷம் பருத்தி எடுப்பு முடிந்த சமயத்தில் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருச்சியில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும்.

கஞ்சி கொண்டுபோனால் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "எம்மவன் எப்பப்பா வரான்?" என்பார். காலையில் கேட்பார், மத்தியானம் கேட்பார், விளக்கு வைத்ததும் கேட்பார். "வருவாரு பெரியம்மா, செத்த சும்மா இருங்களேன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணனிடம் அதுவரை சளி, காய்ச்சல் என்றே சொல்லிவந்தோம். தூரத்தில் கிடக்கிறவனைப் பயமுறுத்த வேண்டாம் என்று பெரியம்மாதான் சொல்லியிருந்தார். கடைசியில் அவரே, "நெசத்தச் சொல்லி வரச்சொல்லுப்பா. நானும் ரெண்டு வார்த்த பேசுறேன்" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போன் போட்டேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். மகன் முன்னால் நிற்கிற மாதிரி பெரியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே, பெரியம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. ஒருதடவ வந்து பாத்துட்டுப் போயிடுங்க" என்றேன். பழகிய வாய், அதுதான் வந்தது.

அந்தப் பக்கம் "அய்யோ, அம்மா!" என்று ஒரே கதறல். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். "எனக்கு லீவு தர மாட்டாங்கடா. பாஸ்போர்ட்டு அவனுங்ககிட்ட கெடக்கு. எனக்காகக் காத்திருக்க வேணாம். ஐஸ் பொட்டியில போட்டு நாள் கணக்கா வச்சிருக்காதீங்க. நீயே கொள்ளி வச்சு எடுத்துருடா."

ஸ்பீக்கரை நிறுத்த எனக்குக் கை ஓடவில்லை. பேசுவதற்காகத் திறந்த வாயைப் பெரியம்மா மெதுவாக மூடிக்கொண்டார்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "அண்ணே, இருக்காங்கண்ணே! உசிரோடதான் இருக்காங்க. நெசமாவே முடியலன்னுதான் சொன்னேன்." அவர் நம்பவில்லை. என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்த பிறகுதான் நம்பினார். நம்பியதும் கேட்ட முதல் கேள்வி, "நான் பேசுனது அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"இல்லண்ணே. உள்ள தூங்குறாங்க" என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்.

அதன்பிறகு அண்ணன் தினமும் கூப்பிட்டார். "லீவு கேட்டிருக்கேம்மா, எப்படியும் வந்துடுவேன்" என்பார். "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று பெரியம்மா போனை என்னிடம் கொடுத்துவிடுவார். எப்போது வருகிறான் என்று அவர் யாரிடமும் கேட்கவே இல்லை. ஒருமுறை கேட்டுத் தொலைக்கமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

ஒருநாள் பங்காளிகள் நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டார். "எம்மவனுக்காக என்னயப் போட்டு வச்சிருக்கக் கூடாது. உசிரு போன அன்னிக்கே எடுத்துரணும்" என்று எல்லோரிடமும் கையடித்து வாக்கு வாங்கினார். கோபத்தில்தான் செய்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு என் கையைப் பிடித்து, "நாங் கேட்டுட்டேன்னு அவங்கிட்ட என்னைக்கும் சொல்லிடாதப்பா. புள்ள தாங்க மாட்டான்" என்றார். அன்றைக்கு நான் அழுத மாதிரி என் அப்பா போனபோதுகூட அழவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரியம்மா போய்விட்டார். அண்ணனுக்கு லீவு கிடைத்து, புதன்கிழமை ராத்திரிக்கு டிக்கெட்டும் போட்டிருந்தார். இந்த முறை சுற்றி வளைக்காமல், "பெரியம்மா போயிட்டாங்கண்ணே" என்றேன். "நான் வந்துடுறேன், வச்சிருங்கடா, ஒரு நாள் வச்சிருங்கடா" என்று கெஞ்சினார். பங்காளிகளிடம் சொன்னேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்றார்கள். பொழுது சாயும் முன் சுடுகாட்டில் மொட்டை போட்டு, நான்தான் கொள்ளி வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் வந்து இறங்கினார். வெறுங்கட்டிலைப் பார்த்தார். பிறகு என் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"ஒரு நாள் பொறுக்க முடியலயாடா உனக்கு? அப்படி என்னடா அவசரம்?"

பங்காளிகளில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா வாங்கிய வாக்கை எங்கே உளறிவிடுவாரோ என்று நான் முந்திக்கொண்டேன். "எனக்குத்தாண்ணே அவசரம். வேல கெடந்துச்சு" என்றேன்.

அறைந்தார். மறுபடியும் அறைந்தார். விலக்க வந்தவர்களை வரவேண்டாம் என்று நான்தான் கையைக் காட்டித் தடுத்தேன்.