அப்பா ஒதுங்கி நிற்கச் சொன்ன மனிதர்

எங்கள் துக்கத்தில் பங்குகொண்டு, இன்று முதலாண்டு நினைவுக்கும் வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே, “நல்ல விஷயமா எழுது. கண்டதையும் எழுதி வச்சிராத” என்றும் சொல்லிவிட்டார். அப்பாவிடம் நல்ல விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைசி நான்கைந்து வருடம் அவர் எதை நினைத்து மருகிக்கொண்டிருந்தார் என்பதை விட்டுவிட்டால், இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஒரு சிற்றூரில். தாத்தா காலமானபோது அப்பாவுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்திருக்கவில்லை. வயலைப் பெரியப்பா பார்த்துக்கொள்ள, அப்பா தூத்துக்குடிக்கு வந்து ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் டைப் அடித்துப் பழகினார். மெல்ல மெல்லக் குமாஸ்தாவாகி, கடைசியில் தலைமைக் குமாஸ்தாவாகவும் ஆனார். அத்தைமார் இருவருக்கும் கல்யாணத்தை முடித்துவைத்த பிறகே தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். சரக்கு இறக்க வருகிறவர்களிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அதனால் ஆபீஸில் அவருக்கு நல்ல பெயரும் இருந்தது, கொஞ்சம் கேலியும் இருந்தது.

ஆற்றில் குதித்து நீந்தி வளர்ந்தவர்தான். ஆனால் கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டார். அப்படிப்பட்டவருக்குத் தோணிகள் மேல் எப்படி அவ்வளவு பித்து வந்தது என்று அம்மா இன்றைக்கும் கேட்பதுண்டு. முத்துக்குளிப்பு நடந்த ஒரு வருடம், வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் கேமராவைக் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொன்னாராம். பிடித்தது சனி. அடுத்த பொங்கலுக்குள் அப்பா பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் யாரும் நினைத்த நேரத்தில் குளித்ததில்லை. குளியலறைதான் அப்பாவின் இருட்டறை. சிவப்பு பல்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். உள்ளே சீட்டியடிக்கும் சத்தம் கேட்டால் படம் நன்றாக வருகிறது என்று அர்த்தம். துணிக்கொடியில் அண்ணனின் சட்டைக்கும் என் பாவாடைக்கும் நடுவில் ஈரப் படங்கள் தொங்கும். அம்மா வாய் ஓயாமல் திட்டுவார். ஆனால் மழை வந்தால் துணியை விட்டுவிட்டுப் படங்களைத்தான் முதலில் எடுத்து உள்ளே கொண்டுவருவார்.

அப்பா எடுத்ததெல்லாம் தோணிகள்தான். பாய் விரித்து வருகிற தோணி, சரக்கு ஏற்றியதில் தண்ணீரில் அமிழ்ந்து நிற்கிற தோணி, பழுது பார்க்கக் கரையில் இழுத்துப் போட்டிருக்கிற தோணி. ஒன்றிலும் ஆள் இருக்காது. ஆள் நடுவில் வந்தால் படம் கெட்டுவிடும் என்பது அப்பாவின் கட்சி. வீட்டில் எதற்கும் குரலை உயர்த்தாதவர், கடற்கரையில் மட்டும் கையை வீசி வீசி, “கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கய்யா, ஒதுங்கி நில்லுங்க” என்று எல்லோரையும் விலக்குவார். தோணிக்காரர்களும் சிரித்துக்கொண்டே விலகுவார்கள். ஏஜென்சி ஆபீஸ் அண்ணாச்சிக்கு மனுஷனைக் கண்டால் ஆகாது என்று அவர்கள் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்தது. எங்களையே அவர் எடுக்கமாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

அவர் எடுத்ததில் மிகச் சிறந்த படம் ‘அமலோற்பவி’ என்ற தோணியை எடுத்தது. காலை வெயிலில், அசையாத தண்ணீரில் தோணியும் அதன் நிழலும் ஒன்றாக நிற்கும். அதை எடுத்த அன்று ஒரு தோணிக்காரர் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வழக்கம்போல அப்பா அவரையும் ஒதுங்கச் சொன்னார். அவரும் நகர்ந்தார். ஆனால் கயிற்றை விட்டால் தோணி திரும்பிவிடும் என்பதால் கையை மட்டும் நீட்டிப் பிடித்திருந்தார். கழுவிப் பார்த்தால் படத்தின் வலது ஓரத்தில் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு கை. அந்தக் கையை அப்பா திட்டாத திட்டில்லை. பிறகு பெரிதாக்கும்போது ஓரத்தை வெட்டி, கை இல்லாமல் அச்செடுத்து மதுரையில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. அம்மா அதற்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் அந்தப் படத்தைத்தான் காட்டுவார்.

புதிய துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. ஐப்பசி மழையில், சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட ‘அமலோற்பவி’ போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. அப்பா ஆபீஸ் முடிந்ததும் கடற்கரைக்குப் போய், காத்திருக்கிறவர்களோடு நின்றுவிட்டு வருவார். கேமராவை எடுத்துப் போகமாட்டார்.

காத்திருந்தது போதும் என்று எல்லோரும் முடிவு செய்து, இறந்தவர்களுக்காக மாதா கோயிலில் பூசைக்குச் சொன்ன பிறகு, ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். சலேத்தம்மாள் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதிலும் பாதி நாள் கணவர் கடலில். அவர் கணவர் சூசை அந்தத் தோணியில் போனவர்.

“அண்ணாச்சி, எங்க தோணிய நீங்க நெறைய படம் எடுத்திருக்கியளாமே. அதுல எங்க வீட்டுக்காரரு எங்கயாவது இருக்காவளா?” என்று கேட்டார்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்க வசதியில்லை. கொழும்புக்குப் போவதற்கான அனுமதித் தாளில் ஒட்டியிருந்த ஒரே படமும் அவரோடு போய்விட்டது. பூசையன்று மெழுகுவத்தி ஏற்றிவைக்க ஒரு முகம் வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார். அப்பா தன்னிடம் இருந்த எல்லாப் படத்தையும், எல்லா நெகட்டிவையும் கொண்டுவந்து தரையில் பரப்பினார். ‘அமலோற்பவி’ மட்டும் எத்தனையோ இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், பாய்மரம், நங்கூரம். ஒரு மனிதர் இல்லை. நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகத்தான் அப்பாவுக்கு அந்த நெகட்டிவ் ஞாபகம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சலேத்தம்மாள் சற்று நேரம் பார்த்தார். சுண்டுவிரல் வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “அவுக கைதான்” என்றார். பிறகு அப்பாவிடம் கேட்டார்: “மொகம் எங்க அண்ணாச்சி?”

அப்பா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. “நான்தாம்மா ஒதுங்கி நிக்கச் சொன்னேன். படம் நல்லா வரணும்னு” என்று உண்மையைச் சொன்னார். மறுநாள் அப்பா அந்தக் கையை மட்டும் பெரிதாக்கி அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பூசையன்று சலேத்தம்மாள் வீட்டில் அந்தக் கைக்கு முன்னால்தான் மெழுகுவத்தி எரிந்தது.

அங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் முன்னறைப் படத்தை அப்பா கழற்றினார்.

அதன்பின் அப்பா தோணிகளைப் படம் எடுக்கவில்லை. மனிதர்களை எடுத்தார். ஞாயிறு காலை பூசை முடிந்து தோணிக்காரர்கள் வெளியே வரும் நேரம் பார்த்து நிற்பார். ஒவ்வொருவரையும் முகம் தெளிவாகத் தெரியும்படி எடுத்து, அச்சுப் போட்டு, அவரவர் வீட்டுப் பெண்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. வயதான தண்டல் ஒருவர், தண்டல் என்றால் தோணியின் தலைவர், “நாங்க சாவுறதுக்கு முன்னாடியே படத்த எடுத்து வச்சுக்கிடுதியளோ?” என்று பலர் முன்னால் கேட்டுவிட்டார். அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் போனார். குளியலறையில் சிவப்பு பல்பு எரிந்தது, சீட்டிச் சத்தம் மட்டும் வரவில்லை. எனக்கு உள்ளூரச் சலேத்தம்மாள் மேல் கோபம். இவர் வராமலே இருந்திருந்தால் அப்பா அப்பாவாகவே இருந்திருப்பார் என்று பொருமுவேன்.

சூசையின் முகத்தை எப்படியாவது தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. அந்த அனுமதித் தாளுக்குப் படம் எடுத்த ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தார். மழைத் தண்ணீர் புகுந்து பழைய பிலிமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. சூசை சின்ன வயதில் கால்பந்து ஆடியவர் என்று கேள்விப்பட்டு, அந்த அணியின் குரூப் போட்டோவைத் தேடிப் போனார். படம் கிடைத்தது. படம் எடுத்த அன்று சூசை கடலுக்குப் போயிருந்தாராம். கல்யாண வீடுகள், கோயில் திருவிழாக்கள் என்று யார் வீட்டில் கூட்டத்தை எடுத்த படம் இருந்தாலும் அப்பா போய் நிற்பார். லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். சூசையை நேரில் ஒரே ஒரு தடவை, அதுவும் விலக்குவதற்காகப் பார்த்தவர், எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பார் என்று அண்ணன் கேட்டார். அப்பா தேடுவதை நிறுத்தவில்லை. சந்தேகப்படும்படி ஏதாவது தென்பட்டால் சலேத்தம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அவர் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டுவார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அப்பாவுக்குக் காமாலை கண்டது. நாட்டு மருந்து, பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி, எல்லாம் பார்த்தோம். கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் கிடந்தபோதும், கொழும்பில் தோணிக்காரர்கள் தங்கும் இடத்தில் யாராவது படம் எடுத்திருப்பார்களா என்று வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். இது சலேத்தம்மாள் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் காலையில் வந்தார். அப்பாவின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இனிமே தேட வேண்டாம் அண்ணாச்சி. படம் கெடச்சாலும் இது அவுகதானான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கையவே பாத்துப் பாத்து மொகம் மறந்துபோச்சு. கண்ண மூடுனா கைதான் வருது” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார். சாகக் கிடக்கிறவரிடம் சொல்கிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனேன். அவர் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் பேசாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சாயங்காலம் அம்மாவிடம், “அந்தக் கைப் படத்தையும் நான் குடுத்திருக்கக் கூடாது. மொகமாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும்” என்றார். அதற்குப் பிறகு அவர் எதைப் பற்றியும் விசாரிக்கவில்லை. வைகாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு அடங்கியது.

அப்பா நோயுற்றிருந்த மாதங்களில் முறைவைத்து ஆஸ்பத்திரியில் காவலிருந்த ஆபீஸ் நண்பர்களுக்கும், ராப்பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கிக் கொண்டுவந்த அடுத்த வீட்டு அக்காவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ரத்தம் வேண்டும் என்றதும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்த தோணிக்காரர்களில், அன்று அப்பாவைக் கடிந்து பேசிய அந்தத் தண்டலின் இரண்டு மகன்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றியுடையது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த மலரில் அப்பாவின் கடைசிப் படம் ஏன் இல்லை என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் இதுவே பதில்.

அப்பா இறந்த அன்று வீடு நிறையக் கூட்டம். எல்லா வீட்டிலும் செய்வதுபோல ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தோம். யார் எங்கே நிற்பது, மாலையைத் தூக்கிக் கட்டுவதா, அம்மா வலது பக்கமா இடது பக்கமா என்று ஒரே பேச்சு. அழுகையை நிறுத்திவிட்டு எல்லோரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தோம். சலேத்தம்மாள் கதவோரம் நின்றிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் தோளைப் பிடித்து அப்பா பக்கமாகத் திருப்பினார்.

“படம் இருக்கட்டும்மா. மொதல்ல அப்பா மொகத்த நல்லாப் பாத்துக்கிடுங்க” என்றார்.

ஸ்டூடியோக்காரரைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார் அம்மா. நாங்கள் மூன்று பேரும் அப்பாவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணன் அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. தூக்குகிற நேரம் வந்துவிட்டது என்று சொன்னபோதுதான் எழுந்தோம். ஸ்டூடியோக்காரர் படம் எடுக்காமலே போய்விட்டார்.

அப்பாவின் இடது புருவத்துக்குள் மெல்லிசாக ஒரு தழும்பு இருந்தது. அத்தனை வருடம் மகளாக இருந்தும் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். இது எப்போது வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா குனிந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, தெரியவில்லையே என்றார்.