ஒரே அண்டாவில் கழுவிய உளிகள்

"மரத்தைப் பாக்கப் போறவன் மொதல்ல பாக்க வேண்டியது..." என்று எங்கள் பெரிய கங்காணி ஒருமுறை, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆரம்பித்தார். கையை என்றாரா, உளியை என்றாரா, மறந்துவிட்டது. ரப்பர் மரத்துக்குப் பூசணம் பிடிக்காமல் காக்கும் வேலை அப்படித்தான். பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்போம்.

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஐந்து வருஷம் அந்த வேலை பார்த்தேன். 'நோய்க் கிராணி' என்று பெயர்; கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. நோய் மரத்துக்கா, கிராணிக்கா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தமிழும் ஆங்கிலமும் படித்திருந்ததால், பால் வெட்டுகிறவர்கள் தமிழில் சொல்வதைத் துரைக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. பிறகு கப்பலேறி ஊருக்குப் போய், பதினான்கு வருஷம் இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடி கிள்ளானுக்கே வந்திருக்கிறேன். தகரக் கூரையில் மழை விழுந்ததும் எழுந்துபோய் மரப்பட்டையைத் தடவிப் பார்க்கிறார்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல.

மண்ணெண்ணெய் வாடை

மழை விடாமல் பிடித்தால், புதிதாக உளி பட்ட பட்டையில் சாம்பல் பூசினாற்போல் பூசணம் படரும். கவனிக்காமல் விட்டால் பட்டை அழுகிக் குழி விழும். பல வருஷத்துக்கு அங்கே உளி வைக்க முடியாது. கண்டவுடன் பால் வெட்டுவதை நிறுத்தி மருந்து பூச வேண்டும். வெட்டை நிறுத்தினால் அந்த மரங்களை வெட்டுகிறவருக்கு வேலை போகும். ஆகவே யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஐந்து தீம்பார்கள், அதாவது ஐந்து வெட்டுப் பிரிவுகள். மூன்றாவது தீம்பாரில் எல்லார் மரத்திலும் சாம்பல். அங்கே பால் வெட்டும் காளியம்மாளின் மரங்கள் மட்டும் துடைத்துவைத்ததுபோல் இருந்தன. பட்டையில் மூக்கை வைத்தேன். மண்ணெண்ணெய்! தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து துடைத்திருக்கிறாள். துடைத்த இடத்துக்கு அடியில் பட்டை கறுத்துப்போயிருந்தது. காலில் புண்ணோடு, தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் படுத்திருக்கும் புருஷனுக்கும் சேர்த்து உழைக்கிறவள் அவள். அடுத்த தடவை விதியை மீறினால் இருவரையும் லயத்தைவிட்டே அனுப்பிவிடுவேன் என்று துரை சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "எம் புருசன் புண்ணையும் இப்படித்தாங்க ஐயா தொடைக்கிறேன், அதுக்கு யாரும் வந்து மோந்து பாக்கலையே" என்றாள்.

உளிக்குக் குளியல்

பூசணம் உளியோடு உளியாக ஊர்வலம் போகும். ஒரு மரத்தை வெட்டிவிட்டு உளியை மருந்தில் நனைக்காமல் அடுத்த மரத்தில் வைத்தால் போதும். அதனால் ஆளுக்கொரு தகர டின்னில் மருந்து கொடுத்தோம். மூன்றாம் தீம்பார் உளிகள் மற்றவற்றோடு கலக்காதபடி வேலை முடிந்ததும் தனிப்பெட்டியில் போட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

மருந்தின் நாற்றம் சோற்றுக் கை வரை வரும். மரத்தின் மறைவில் நின்று பார்ப்பேன். நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் நனைப்பார்கள். தெரியாவிட்டால் டின் காய்ந்து கிடக்கும். ஒருநாள் மாரிமுத்து என்பவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அவர் அசரவில்லை. "நானே வாரத்துக்கு ரெண்டு தடவதான் குளிக்கிறேன், இந்த உளியை ஒரு நாளைக்கு முந்நூறு தடவ குளிப்பாட்டச் சொல்றீங்களே கிராணி!"

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமரம்

லீவு கிடைத்தால் கோலாலம்பூருக்கு ரயிலேறுவேன். அங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ரயில்வே கிராணி, குடியிருந்தார். ஒரு தடவை அவர் வீட்டுக்குள் நுழையுமுன் வாசல் மாமரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டினேன். பிறகு வேலிக் கம்பை. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுவரில் படிந்திருந்த பாசியை. நண்பரின் மனைவி சமையல் நடக்கும் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மரத்துக்கு ஒண்டுமில்லை, உமக்குத்தான் என்னவோ பிடிச்சிருக்கு, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாரும்."

ஆயுத பூசை

ஆயுத பூசை நாளில் தோட்டத்தில் வெட்டு இல்லை. எல்லா உளிகளையும் மாரியம்மன் கோயிலில் ஓர் அண்டா மஞ்சள் தண்ணீரில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி காலடியில் குவிப்பது வழக்கம். மூன்றாம் தீம்பார்க்காரர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்க உளி மட்டும் என்ன கொலையா பண்ணுச்சு, பெட்டிக்குள்ளயே கெடக்க?" என்றார்கள். சாமி காரியம். ஒரு நாள்தானே என்று சாவியை எடுத்தேன்.

மருந்து வாளியோடுதான் கோயிலுக்குப் போனேன். "சாமி தண்ணியில இந்த நாத்தத்தைக் கலக்குறதா?" என்று கோயில் பூசை செய்யும் பண்டாரம் கத்தினார். இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டேன். தயக்கத்தை மறைக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே உளிகளை எடுத்துக் கழுவவும் ஆரம்பித்தேன். முதலில் முழுக்கியது மூன்றாம் தீம்பார் உளிகளை. பக்கத்தில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த காளியம்மாள் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "ஐயா, எங்க உளியையுமா இதே தண்ணியில கழுவுறீங்க?"

பெரிய கிராணியின் யோசனை

மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை. ஒரு வாரம் கழிந்து ஐந்து தீம்பாரிலும் சாம்பல் தெரிந்தது. ஒவ்வொரு மரமாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டிய பூசணம் ஐந்தாம் தீம்பார் வரை போனது எப்படி, யாரால் என்று துரை கேட்டார். மாலைக்குள் எழுத்தில் வேண்டும், அந்த ஆள் நாளைக்கு இங்கே இருக்கக் கூடாது என்றார்.

ஆபீசில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெட்டு நிறுத்தப்பட்டவர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். காளியம்மாளும் இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆபீசில் எனக்கு மேலே இருந்த பெரிய கிராணி வெற்றிலையை மடித்தபடி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அந்த மண்ணெண்ணெய்க்காரி பேரைப் போடும்யா, ஏற்கெனவே பேர் கெட்டவ. துரைக்குத் தமிழ் வராது, அவளுக்கு இங்கிலீஷ் வராது, யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் எச்சில் துப்ப வெளியே போன நேரத்தில், 'காரணமான ஆள்' என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பெட்டிச் சாவியையும் காகிதத்தின் மேல் வைத்து, துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.