ஏரி நிரம்பியதால் மாறிய முடிவு

சாலவாக்கத்து நதியா முதன்முதலில் கேமராவைத் தூக்கியது உத்திரமேரூரில் ஒரு கல்யாணத்துக்கு. ஸ்டுடியோ வைத்திருந்த பாண்டுரங்கன் அவளை வேலைக்குச் சேர்த்திருந்தார். மாப்பிள்ளை தாலி கட்டிய நேரத்தில், தூணோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த, மணப்பெண்ணின் அண்ணனை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டியது பதிவாகவே இல்லை.

"இன்னாமா பண்ணிக்கினு இருந்தே? அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று பாண்டுரங்கன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீ கல்யாணத்துக்கு லாயக்கில்ல. சினிமாவுக்குப் போ!"

கோபத்தில் சொன்னதுதான். நதியா போயே விட்டாள்.

சென்னையில் உதவி இயக்குநராக வருடக்கணக்கில் அலைந்தாள். நடிகர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தாள், வெயிலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினாள், திட்டும் வாங்கினாள். கதை சொல்லப் போன இடத்திலெல்லாம் "நல்லாருக்கு, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் சிநேகிதர்கள் கைகொடுக்க, தன் படத்தைத் தானே தயாரித்தாள்.

சொந்த ஊரின் வறண்ட ஏரிக்குள் இரண்டு ஊர்க்காரர்கள் மோதும் கிரிக்கெட் பந்தயத்தில் கதை முடிய வேண்டும். அதை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விட்ட பிறகு போய்ப் பார்த்தால், ஆடுகளம் இருந்த இடத்தில் தண்ணீர். நதியா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படக்குழுவுக்குச் சோறு கொண்டுவந்த அம்மா ஜெயம்மாவுக்கோ ஏரியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"ஏரி ரொம்பி கீது, ஊரே சந்தோசமா கீது. நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற?"

"என் படம் போச்சும்மா!"

"தண்ணி வந்தா பசங்க குளிக்கட்டும். அத்த எடு."

எரிச்சலோடு நிமிர்ந்த நதியா, ஆட வந்தவர்களைப் பார்த்தாள். இரண்டு அணியும் கலந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏற்கெனவே தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தன. "கேமராவ எடுத்துக்கினு வாங்க!" என்று கத்தியபடி ஓடினாள்.

பந்தயமே நடக்காத அந்த முடிவுக்குக் காஞ்சிபுரம் தியேட்டரில் விசில் பறந்தது. அடுத்தடுத்த படங்களும் ஓடின.

இப்போது அவள் புதியவர்களின் படங்களையும் தயாரிக்கிறாள். போன மாதம் திருப்புலிவனத்தில், அவளிடம் உதவியாளராக இருந்த சோபியாவின் முதல் படத்துக்குப் படப்பிடிப்பு. ஓரமாக நின்ற நதியா தன்னை மறந்து "கட்!" என்று கத்திவிட்டாள். நடித்தவர்கள் விழித்தார்கள்.

"அக்கா, நான்தானே டைரக்டரு?" என்றாள் சோபியா. "நீங்க போய் நிழல்ல குந்துங்க."

நதியா நாக்கைக் கடித்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.