சிவப்பு உருண்டையும் ஆறு கிளிகளும்

பறவை ஆய்வுக்கூடத்தில் ஆறு கிளிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் கிளியக்காவின் வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள்; அதனால் எல்லோருக்கும் அவள் கிளியக்காதான். தையல்கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர்கூட ஒருநாள் வாய்தவறிக் "கிளியக்கா" என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அங்கே ஆராய்ச்சி செய்தவர் ஒரு டாக்டரம்மா. கிளியின் முன் இரண்டு தட்டு வைப்பார். ஒன்றில் மூன்று உருண்டைத் தீனி, இன்னொன்றில் ஐந்து. கிளி எந்தத் தட்டுக்குப் போகிறதோ அது அதற்கு. பத்து தடவையில் ஒன்பது தடவை ஐந்துக்கே போகும்.

புதுத் தீனி மூட்டை வந்த வாரம் எல்லாம் தலைகீழானது. அதே மாவு, அதே அளவுதான். சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றியிருந்தார்கள். எண்ணிக்கைதானே முக்கியம் என்று டாக்டரம்மா நிறம் பார்க்காமல் எடுத்து வைத்தார். கிளிகள் அடிக்கடி ஐந்தை விட்டுவிட்டு மூன்றுக்கு ஓடின.

"காலையில தீனி கூடப் போட்டுட்டீங்களா அக்கா? வயிறு நிறைஞ்ச கிளிதான் இப்படி ஏனோதானோன்னு பண்ணும்" என்றார் டாக்டரம்மா.

கிளியக்காவுக்குச் சுருக்கென்றது. "தராசுல நிறுத்துத்தாம்மா போடுறேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி வீட்டில் நடந்ததைச் சொன்னாள்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆறு கிளிக்குமா ஒரே வாரத்துல புத்தி மழுங்கும்? வேற என்னமோ மாறியிருக்கு, பாரு."

மறுநாள் அவள், கிளிக்கு ஆள் தெரியாமலிருக்கக் கட்டிய தடுப்புத் திரையின் ஓரத்தில் நின்று தட்டுகளையே கவனித்தாள். மொட்டைவால் கிளி மூன்று இருந்த தட்டுக்குப் போனது. அதில் மூன்றும் சிவப்பு; ஐந்து இருந்த தட்டில் பெரும்பாலும் பச்சை. அடுத்ததும் அப்படியே. மதியத்துக்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"அதுக்கு அளவு தெரியாம இல்லம்மா. சிவப்பப் பார்த்ததும் மத்ததெல்லாம் மறந்துபோகுது."

டாக்டரம்மா தீனி மூட்டையை இழுத்து முன்னால் வைத்தார். "சரி, பிரிச்சுப் பார்த்துடுவோம்."

இருவரும் தரையில் உட்கார்ந்து உருண்டைகளை நிறவாரியாகப் பிரித்தார்கள். இரண்டு தட்டிலும் ஒரே நிறம் வைத்தபோது கிளிகள் பழையபடி ஐந்தைத் தேடிப் போயின. மூன்று சிவப்புக்கு எதிரே ஐந்து பச்சை வைத்தால் தடுமாறின. கடைசியில் ஒரே ஒரு சிவப்பையும் எட்டுப் பச்சையையும் வைத்தார்கள். மொட்டைவால் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. பாய்ந்து சிவப்பை விழுங்கியது. எட்டு உருண்டைத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும், கொள்ளை போன மாதிரி ஒரு கத்துக் கத்தியது. டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உங்களப் போய்ச் சந்தேகப்பட்டேனே. மனசுல வெச்சுக்காதீங்க அக்கா."

"இருக்கட்டும்மா. பழுத்த பழம்னு நினைச்சு ஏமாறுதோ என்னவோ."

"அதையும்தான் பார்க்கணும்."

அந்த வருஷம் முழுக்க நிறத்தைப் பற்றியே ஆராய்ச்சி நடந்தது. தட்டு வைக்கும் பொறுப்பு கிளியக்காவிடம் வந்தது; அவளுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டார்கள். சிவப்பின் மேல் ஏன் அத்தனை ஆசை என்பது இருவருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. டீ குடிக்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு.