பீங்கான் ஊரில் ரேஸ் கார் கடை

இந்தத் தொழிலில் கையில் கிரீஸ் படாது. அதனாலேயே இதை ஒரு வேலை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

காருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. எஞ்சினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்புப் பொறி என்று அதற்குள் ஒரு பெரிய வாய்ப்பாடு எழுதியிருக்கும். அதற்குத்தான் மேப் என்று பெயர். லேப்டாப்பைச் செருகி அந்த வாய்ப்பாட்டைத் திருத்தினால் அதே எஞ்சின் இன்னும் பலமாக இழுக்கும். ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் நான் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் செய்தது இதைத்தான்.

இரண்டாயிரத்து எட்டில் சம்பளமில்லாத லீவில் விருத்தாசலம் வந்தேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்த ஏழு வருஷத்தில் நான் அவளோடு இருந்தது எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் வராது. இனி போகக் கூடாது என்று ஆசை. ஆனால் ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய் அங்கே கால் வைக்காவிட்டால் விசா செத்துவிடும். அதற்குள் இங்கே ஒரு கடை ஓடுமா ஓடாதா என்று தெரிந்தாக வேண்டும். ஓடினால் வீடு, ஓடாவிட்டால் விமானம். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்து, 'ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் மேப்பிங்' என்று போர்டு மாட்டினேன். தொழில் தெரிந்து ஊர் தெரியாமல் கடை திறந்து, வாய் பிளந்து உட்கார்ந்த அனுபவசாலிகளே, இது உங்களுக்காகத்தான்.

இல்லாத கம்ப்யூட்டர்

பதினோரு நாள் ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. பன்னிரண்டாம் நாள் வாசலில் பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் டிராக்டர். பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவர், ஆலையில் லோடு இறக்கிவிட்டு டிரெய்லரோடு அப்படியே வந்திருந்தார். மேடு ஏறும்போது வண்டி முக்குகிறதாம். போர்டைப் பார்த்த மச்சான் சொல்லி அனுப்பினாராம்.

பழைய டிராக்டரில் கம்ப்யூட்டரே கிடையாது என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் பின்னால், பேட்டரிக்கு அடியில் என்று மூலைமூலையாகத் தேடினார். வண்டியை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எவனோ கழற்றிக்கொண்டான் என்று சந்தேகம். யாரும் திருடவில்லை, வாங்கும்போதே கிடையாது என்று புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கடைசியில் சமாதானமாகி, என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இல்லன்னா என்னா தம்பி, நீங்களே ஒண்ணு வாங்கி உள்ள வச்சு வுட்டுடுங்க. இழுக்கப்போறது என் வண்டிதானே!"

அறுபதுக்குப் பூட்டு

ஸ்ரீமுஷ்ணத்து ரைஸ்மில் முதலாளி ஒருவர் புது டீசல் காரில் வந்தார். வேகத்தைக் கூட்டத்தான் வந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ குறைக்கச் சொன்னார். காலேஜ் லீவுக்கு வந்த மகன் பேய்த்தனமாக ஓட்டுகிறானாம், அறுபதுக்கு மேல் போகாதபடி பூட்டு வேண்டுமாம். எஞ்சினைக் கட்டிப்போடச் சொல்லி ஒரு மனிதர் வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வந்த வேலையை விடக் கூடாது என்று போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காரில் ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் கரும்பு லாரியை முந்தப் போய், பாதி தாண்டியபோது வண்டி அறுபதுக்கு மேல் ஏற மறுத்துவிட்டதாம். எதிரே தனியார் பஸ். எப்படியோ பிரேக் அடித்துப் பின்வாங்கியிருக்கிறார், கண்ணாடியோடு போயிற்று.

ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதுவும் அவர் கேட்டதைச் செய்து கொடுத்து! அங்கேயே பூட்டை எடுத்தேன். ஸ்டியரிங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது பெட்டிக்குத் தெரியாது என்று விளக்கினேன். அவர் அதை ஏற்கவே இல்லை. "பூட்டு அவனுக்குத்தானே போடச் சொன்னேன்? சாவி வச்சிருக்குற எனக்கும் சேத்து ஏங்க போட்டீங்க?"

பத்தரை மணி

மேப்பை ஏற்றும்போது பதினைந்து நிமிஷம் காரின் சாவி ஆனில் இருக்க வேண்டும். நடுவில் அணைத்தால் பெட்டி பாதி பழசும் பாதி புதுசுமாகக் குழம்பி, கார் செங்கல்லாகிவிடும். அந்த வருஷம் நம் ஊர் பவர்கட்டைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அதற்கு பயந்து லேப்டாப்புக்கு ஒரு பேட்டரி, அந்த பேட்டரிக்குத் துணையாக இன்னொரு பேட்டரி என்று எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன்.

ஒரு நிலத் தரகர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய வேலை, டீ குடித்து, பேசி, பத்து இருபதுக்கு ஆரம்பித்தது. சாவியைத் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லி அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். திரையில் அறுபது சதவீதம். அறுபத்தைந்து. மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாவியை அணைத்தார், எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பீங்கான் யூனிட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். காரில் ஹாரன் கூட அடிக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, ஒயர் வைத்துப் பற்றவைத்து, உயிர் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அவரோ அசரவே இல்லை. "பதறாதீங்க பாய். ராகு காலம் பொறந்துடுச்சு. நல்ல நேரத்துல ஏறுனது உள்ளதான் இருக்கும், மிச்சத்த பன்னெண்டு மணிக்கு மேல ஏத்திக்கலாம்."

சிவப்பு வண்டி

ஐந்தாவது மாதம் முடியும்போது, போர்டுக்கு அர்த்தம் வந்தது. பாண்டிச்சேரியில் பல் டாக்டராக இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர், சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே சீட், டர்போ எஞ்சின். அடுத்த மாதம் சென்னைக்குப் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும், தயார் செய்யுங்கள் என்றார். வண்டி நன்றாக ஓடினால், அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் அதேபோன்ற கார்களோடு வருவார்கள். நான்கு வண்டி வந்தால் கடை நிற்கும். கடை நின்றால் நான் இங்கே இருப்பேன். அன்று சாயங்காலமே மனைவி சபீனாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

ஷார்ஜாவில் செய்ததையே செய்தேன். கம்பெனி வைத்த மூடிய காற்றுப் பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, காற்றை அப்படியே இழுக்கும் திறந்த ரேஸ் ஃபில்டர் மாட்டினேன். மேப் எழுதினேன். தொழிற்பேட்டை ரோட்டிலேயே தினமும் ஓட்டிப் பார்த்தேன். முதல் வாரம் எஞ்சின் பறந்தது. இரண்டாவது வாரம் மிதித்தால் உள்ளே கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம். மேப்பைத் திருத்தினேன். இரண்டு நாள் சரியாக இருந்து மறுபடி சத்தம். மறுபடி திருத்தினேன். ஏழு தடவை! மானிட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. விசாவுக்கு ஒன்பது நாள், டிராக்குக்கு ஐந்து நாள்.

ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் தனலட்சுமி வந்தார். களிமண் லாரி வருகிறது, காரைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று சொல்ல வந்தவர், ஒரு ப்ளக்கை எடுத்தார். அதன் வெள்ளை மூக்கு பீங்கான்தானே, கை தானாகப் போயிருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, "இதுக்கு யாரு கிளேஸ் பூச்சு போட்டா?" என்று கேட்டார். அழுக்காக இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அழுக்குன்னா சுரண்டுனா வரும். இது எங்க பவுடரு பாய், ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல போனாத்தான் இப்பிடி உருகி கண்ணாடியா ஆவும். உங்க வண்டிக்குள்ள எவன் சூளை வச்சான்?"

பக்கத்து சீட்

காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். விரல் வெள்ளையாக வந்தது. கோலமாவு மாதிரி மெல்லிய பவுடர்.

எங்கள் ஷெட்டுக்குப் பத்தடி தள்ளி தனலட்சுமி யூனிட்டின் அரவை மிஷின். கல்லை மாவாக அரைத்து நாள் முழுவதும் காற்றில் விடுகிறது. ஷார்ஜாவில் என் கடை கண்ணாடி அடைத்த ஏசி கூடம். அங்கே பழகிய புத்தியோடு இங்கே திறந்த ஃபில்டர் மாட்டியிருக்கிறேன். காற்றை அளக்கும் கம்பியின் மேல் மாவு படிந்து, வருகிற காற்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்க, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நானோ தப்பை லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வெளியே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிஸ்டனைக் கேமரா விட்டுப் பார்த்தேன். ஓரம் அரித்திருந்தது, வேகத்தில் எப்போது வேண்டுமானாலும் உடையலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அரை நாள் இதை டாக்டரிடம் மறைத்து வைத்திருந்தேன். கம்பியைத் துடைத்து, பழைய காற்றுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தால் இரண்டு நாள் சத்தமில்லாமல் ஓடும். டிராக்கில் தாங்கினாலும் தாங்கும். நான்கு கார் வரும். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் டாக்டருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், டிராக்குக்குப் போகாதீர்கள் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் லாரியோடு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பிஸ்டன் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஆட்களை வைத்து வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டினார். கிளம்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை என் பொண்ண பக்கத்து சீட்டுல உக்கார வச்சுத்தான் மொத ரவுண்டு போறதா இருந்தேன் பாய். அவளுக்கு எட்டு வயசு."

புகை மோந்து பார்க்கும் மிஷின்

அதற்குப் பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. டிக்கெட் போட்டேன். சபீனா என் துணிகளை மடித்தாள். மகள் கேட்டாள், "அத்தா, இந்த வாட்டி எத்தன நாளு?" கொல்லைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

விசாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாமான்களைக் கட்ட ஷெட்டுக்குப் போனேன். தனலட்சுமி ஒரு தட்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகளோடு வந்து நின்றார். வெள்ளையாக வர வேண்டியவை கரும்புள்ளியோடு வந்திருந்தன. ஒரு மாதமாக இப்படித்தானாம். கார் சைலன்சரில் நான் ஒரு சென்சாரைச் செருகிப் பார்ப்பதை அவர் பார்த்திருக்கிறார். "புகைய மோந்து பாக்குற அந்த மிஷின எங்க சூளையில வுட்டுப் பாருங்களேன்" என்றார். போகிற நேரத்தில் எதற்கு என்று தோன்றியது. ஆனால் அவருக்கு நான் கடன்பட்டவன். சின்ன சோதனைச் சூளையின் புகைபோக்கியில் சென்சாரை விட்டேன். திரையைப் பார்த்துத் திகைத்துப் போனேன். எரிக்கும் எண்ணெய் அளவுக்கு மேல், காற்று பாதி கூட இல்லை. என் சிவப்பு வண்டியின் வியாதியேதான், தலைகீழாக!

பர்னருக்குக் காற்றைக் கூட்டி, எண்ணெயைக் குறைத்து, எந்தச் சூட்டில் எவ்வளவு என்று ஒரு வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சூளையைத் திறந்தபோது தட்டு முழுக்கப் பால் வெள்ளை. அந்த யூனிட் முதலாளியும், அதே வரிசையில் இருந்த மற்ற மூன்று முதலாளிகளும் எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றார்கள். பெரிய சூளைக்கு நாளைக்கே எழுதித் தர வேண்டும் என்றார்கள். நாளைக்கு எனக்கு விமானம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனலட்சுமிதான் பேசினார்: "ஷார்ஜாவுக்கு வேற ஆள பாத்துக்கச் சொல்லிட்டு வூட்டுக்குப் போயி தூங்குங்க. காலையில ஆறு மணிக்கு சூளை பத்த வைக்கிறோம், நேரத்தோட வந்துடுங்க."

இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்குத் தொழில் படித்தவன், சூளைக்குள் மணிக்கு நாலடி நகரும் பீங்கான் தட்டுவண்டிகளுக்கு மேப் எழுதி, தினமும் மத்தியானம் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.